30,000 ரூபாயும் 19 பசங்களும்: குப்பையா, களைச்செடியா, மேடையா, ஊத்துத் தண்ணியா?

எங்க படிப்பகத்துல இப்ப 19 பசங்க இருக்காங்க. சின்னது ஒம்பதாவது படிக்குது, பெருசு டிகிரி முடிச்சிட்டு கீழ கோயம்புத்தூர் போகலாமா இல்ல அப்பாவோட அரை ஏக்கர் தேயிலையவே பாத்துக்கலாமானு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டு இருக்கு. போன மாசம் எங்க ஊர்ல ரிட்டயர்டு ஆன பெரியவர் ஒருத்தர் 30,000 ரூபாய கவர்ல போட்டு கோத்தகிரில இருக்கிற என் ஜெராக்ஸ் கடைக்கே வந்து குடுத்துட்டு, "உலகமே பத்தி எரியுது, இதுங்க செல்போன நோண்டிட்டு உக்காந்திருக்குதுங்க, எதுலயாவது உருப்படியா இறக்கி விடு தம்பி"ன்னுட்டு போயிட்டார். எதுலனு சொல்லல. பில்லும் கேக்கல, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

ஞாயித்துக்கிழமை எல்லாரையும் உக்கார வச்சு கேட்டா நாலு யோசனை வந்துச்சு. குப்பை எடுக்கிறது, உண்ணிச்செடிங்கிற (லாண்டானா) களைய பிடுங்கிட்டு மலைக்காட்டு சோலை மரம் வைக்கிறது, போட்டி மாநாடு ரீல்ஸ்னு மேடைப் பக்கம் போறது, அப்புறம் ஊத்துத் தண்ணிய அளக்கிறது. நாலையும் நாலு வாரம் அலசினோம், சண்டையும் போட்டோம். இதே மாதிரி ஒரு சங்கமோ கிளப்போ வச்சுக்கிட்டு முழிக்கிறவங்க யாராவது இருப்பீங்க, அதான் எழுதுறேன்.

முதல்ல என் கதை கொஞ்சம். நான் காலேஜ் படிக்கும்போது என்.எஸ்.எஸ்.ல (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்தேன். ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், அது போக 7 நாள் கேம்ப். 1969ல ஆரம்பிச்ச திட்டம், நல்ல எண்ணத்துல ஆரம்பிச்சதுதான், ஆனா என் 7 நாள்ல 3 நாள் ஒரு பள்ளிக்கூட மைதானத்துல புல்லு புடுங்கினேன், 2 நாள் மரத்துக்கு கீழ் பாதில சுண்ணாம்பு அடிச்சேன், ஒரு நாள் சீஃப் கெஸ்ட்டுக்கு நின்னு கை தட்டினேன். அந்த ஊருக்கு என்ன பிரச்சனைனு எங்கள யாரும் கேக்கல, நாங்களும் கேக்கல. சர்டிபிகேட் இன்னும் அலமாரில இருக்கு. ரோஜர் ஹார்ட்னு ஒருத்தர் 1992ல யூனிசெஃபுக்காக எழுதினப்போ சின்னப் பசங்களோட பங்கேற்ப 8 படி ஏணியா போட்டு காட்டினார், அதுல கீழ இருக்கிற 3 படி, அதாவது ஏய்ச்சு வேலை வாங்கிக்கிறது, அலங்காரத்துக்கு நிக்க வைக்கிறது, பேருக்கு சேத்துக்கிறது, இது மூணும் பங்கேற்பே கிடையாதுனு சொல்லியிருக்கார். நான் நின்னது ரெண்டாவது படி. மேல எட்டாவது படில என்ன இருக்குனு பாத்தா பசங்க மட்டும் தனியா ராஜ்யம் பண்றது இல்லங்க, பசங்க ஆரம்பிச்சு பெரியவங்களையும் சேத்துக்கிட்டு முடிவு எடுக்கிறது. இது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

அதனால நாலு யோசனையையும் ரெண்டு கேள்வில போட்டு பாத்தேன். ஒண்ணு, இதையே கூலிக்கு ஆள் வச்சு செஞ்சிட முடியுமா, முடியும்னா பசங்க எதுக்கு. ரெண்டு, வேலை முடிஞ்ச மறுநாள் யாராவது ஒருத்தர் இவங்களுக்கு பதில் சொல்லியே ஆகணும்ங்கிற நிலைமை வருதா.

குப்பைய சீக்கிரமா முடிச்சிடறேன். நீலகிரில பிளாஸ்டிக் தடை ஒண்ணும் புதுசு இல்ல, சுப்ரியா சாஹு கலெக்டரா இருந்த 2000 வாக்குலயே ஆரம்பிச்சது, அப்புறம் 2019 ஜனவரி 1லருந்து தமிழ்நாடு முழுக்க ஒரு தடவை பயன்படுத்திட்டு தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு தடை, அப்புறம் மஞ்சப்பை, ஹைகோர்ட் சொல்லி 2024 மே மாசத்துலருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ், 2025 ஏப்ரல்லருந்து சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டினு கணக்கு. இவ்வளவு இருந்தும் சீசன்ல ரோட்டோர தேயிலைக்குள்ள என்ன கிடக்குதுனு இங்க இருக்கிறவங்களுக்கு தெரியும். போன வருஷம் நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை 2 மணி நேரத்துல 11 சாக்கு எடுத்தோம், போட்டோ போட்டோம், செம்ம லைக்கு. அடுத்த சனிக்கிழமை அதே வளைவுல அதே சிப்ஸ் கவர். என் முதல் கேள்விலயே இது அவுட்டு, ஏன்னா இது தூய்மைப் பணியாளருங்க செய்யற வேலை, அவங்களுக்கு சம்பளத்த ஒழுங்கா குடுத்து ஆளையும் சேத்துப் போட வேண்டிய எடத்துல நாம இலவசமா பசங்கள இறக்கி விட்டா அவங்க வயித்துல அடிக்கிற மாதிரி. ஒரே ஒரு மாத்தம் பண்ணா இது தேறும், எடுக்கிறத எண்ணணும், எந்த கம்பெனி கவர் எத்தனைனு நோட்டுல எழுதணும். 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள்படி தயாரிக்கிறவனுக்கும் பொறுப்பு இருக்கு, அப்ப அந்த நோட்டு ஒரு ஆதாரம் ஆகும். ஆனா அந்த ஆதாரத்த எடுத்துக்கிட்டு மும்பைல இருக்கிற கம்பெனிகிட்ட எங்க படிப்பகம் போய் நிக்கிறத நினைச்சா எனக்கே சிரிப்பு வருது. வேற யாராவது பெரிய கூட்டமா சேந்து பண்ணா நாங்களும் எண்ணித் தர்றோம்.

களைச்செடி எனக்கு ரொம்ப புடிச்ச யோசனை, அதனாலதான் இத விடறது கஷ்டமா இருந்துச்சு. உண்ணிச்செடி தென் அமெரிக்கா பக்கத்துலருந்து அழகுக்காக கொண்டு வந்தது, இன்னிக்கு முதுமலை கூடலூர் பக்கமெல்லாம் காட்டுக்கு அடியில தரையே தெரியாத மாதிரி படந்து கிடக்கு, மாடு மானு எதுவும் திங்காது. மேல ஊட்டி பக்கம் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), அது வெள்ளைக்காரன் விறகுக்காக 1840கள்ல கொண்டு வந்தது, புல்வெளிய முழுங்கிடுச்சு. பசங்களுக்கு இதுல ஒரு வேகம் வந்துடும், கைல அருவா குடுத்தா போதும். கூடலூர் பக்கம் ஆதிவாசி கைவினைக்காரங்க உண்ணிக் குச்சிலயே நெஜ யானை சைஸ்ல யானைங்க செஞ்சு அது 2021ல லண்டன் பார்க்குல போய் நின்னுச்சு, அத காமிச்ச உடனே எல்லா கையும் மேல தூக்கிடுச்சு.

ஆனா வேலை என்னனு உக்காந்து பேசினப்போ தெரிஞ்சது. உண்ணிய மேலோட்டமா வெட்டினா முன்னைவிட புதரா வரும், மண்ணுக்கு கொஞ்சம் கீழ வேரோட தலைய வெட்டி செடிய தலைகீழா கவுத்து போடணும், அதுக்கப்புறம் குருவி எச்சத்துல வர்ற கன்னுங்கள மூணு நாலு வருஷமாவது திரும்பத் திரும்ப போய் பிடுங்கணும். சீகை விதை இன்னும் மோசம், மண்ணுக்குள்ள பத்து இருபது வருஷம்கூட தூங்கிட்டு இருக்கும், காட்டுத் தீ வந்தா முழிச்சுக்கும். அப்ப 4 வருஷத்துக்கு யாரு இருப்பா? எங்க 19 பேர்ல 4 வருஷம் கழிச்சு ஊர்ல இருக்கப் போறது அஞ்சோ ஆறோ. அப்புறம் ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு கால் வைக்க முடியாது, பர்மிஷன் வேணும், அந்தப் பேப்பருக்கே பாதி வருஷம் போயிடும். காட்டுப்பூவரசு மாதிரி சோலை மரக் கன்னு வளக்கிறது நல்லா இருக்கும், ஆனா அதுங்க நம்ம வீட்டு முருங்கை இல்ல, நாத்துலயே ஒண்ணு ரெண்டு வருஷம் நின்னு, மெதுவா, ரொம்ப மெதுவா வரும். வனத்துறை கூடயோ ஏற்கனவே இதுலயே ஊறிப்போன அமைப்பு கூடயோ மாசம் ஒரு நாள் போய் சேந்துக்கிட்டா சரி, நம்ம தலையில நாமளே தூக்கி வச்சுக்கிட்டா ரெண்டாவது மழையோட கைவிட்டுடுவோம். நடும்போது வர்ற போட்டோகிராபர் பிடுங்கும்போது வரமாட்டார், இது என் அனுபவம்.

மேடை. இதுலதான் வீடே ரெண்டாச்சு. பன்னெண்டாவது படிக்கிற ஒரு தம்பி, 'மாதிரி ஐ.நா. சபை'னு பசங்க ஆளுக்கு ஒரு நாட்டோட பிரதிநிதியா உக்காந்து பேசுற ஒரு போட்டிக்கு போகணும், ஆளுக்கு கட்டணம் பஸ்ஸு ரூமு எல்லாம் சேத்தா 5 பேருக்கே 30,000 சரியா போயிடும்னு கணக்கோட வந்திருந்தான். நான் கிண்டல் பண்ணப் போனேன், அவன் நிறுத்தி "அண்ணா, 2015 டிசம்பர்ல ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2250னு ஒரு தீர்மானம் போட்டுச்சு, முடிவு எடுக்கிற எடத்துல இளைஞர்கள சேத்துக்கணும்னு, உங்களுக்கு தெரியுமா"ன்னான். தெரியாதுனு ஒத்துக்கிட்டேன். உலகத்துல 15லருந்து 24 வயசு வரைக்கும் மட்டும் கிட்டத்தட்ட 120 கோடி பேர் இருக்காங்க, அவங்கள விட்டுட்டு எப்படி முடிவு எடுக்கிறாங்கனு அவன் கேட்டது நியாயமான கேள்விதான். மேடைய மட்டமா பேசவும் முடியாது. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் இஸ்திரி வண்டிக்கு கரிக்கு பதிலா சோலார் வச்சு வடிவமைச்ச பொண்ணு, 2021ல கிளாஸ்கோல நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுல 14 வயசுல போய் பேசுச்சு. அந்தப் பேச்சுக்கு வெயிட்டு எங்கருந்து வந்துச்சுனு பாருங்க, தெருவுல கரி அள்ளிப் போடுறத கண்ணால பாத்து அதுக்கு ஒரு வண்டிய யோசிச்ச பிறகு கிடைச்ச மேடை அது. எங்க பசங்ககிட்ட இப்போதைக்கு சொல்றதுக்கு சொந்தமா ஒண்ணும் இல்ல, கூகுள்ல எடுத்ததத்தான் சொல்வாங்க.

ரீல்ஸ் கேட்ட பாப்பாவுக்கு நான் கொடைக்கானல் கதைய சொன்னேன். அங்க ஒரு பன்னாட்டு கம்பெனியோட தெர்மாமீட்டர் ஃபேக்டரி, பாதரசம் கலந்த ஒடைஞ்ச கண்ணாடிய பழைய இரும்புக் கடைக்கு போட்டது வெளிய வந்து 2001ல மூடினாங்க. 2015ல ஒரு சென்னைப் பொண்ணு பாடின ராப் வீடியோ உலகம் பூரா சுத்துச்சு, 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளிங்களோட கம்பெனி உடன்பாட்டுக்கு வந்துச்சு. பாப்பா உடனே "பாத்தீங்களா அண்ணா, வீடியோ ஜெயிச்சிடுச்சு"னுச்சு. இல்லம்மா, நடுவுல இருக்கிற 14 வருஷத்த பாரு, அந்தத் தொழிலாளிங்க சங்கம் வச்சு, மெடிக்கல் ரிப்போர்ட்ட பத்திரமா வச்சு, கோர்ட்டு கோர்ட்டா ஏறி இறங்கினாங்க. அவங்க கட்டி வச்ச விறகுல அந்தப் பாட்டு தீக்குச்சி. விறகு இல்லாம தீக்குச்சி கொளுத்தினா விரல்தான் சுடும். (இத சொல்லிட்டு எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு, பாப்பா கொட்டாவி விட்டுச்சு.)

இப்ப ஊத்து. இத சொன்னது பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு, ஏன் சொல்லுச்சுனா காலைல தண்ணி புடிக்கிறது அதோட வேலை. மழை கொட்டுற மலைனு கீழ இருக்கிறவங்க நினைப்பாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செ.மீ. பெஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா கோத்தகிரி தென்மேற்கு மழைக்கு மறைவு, எங்களுக்கு பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழைதான், அது ஏமாத்தினா மாசி பங்குனில குடத்த தூக்கிக்கிட்டு நிக்கணும். தாத்தா சிலோன்லருந்து வந்து இங்க எறங்கின காலத்துல சதுப்பா இருந்த எடமெல்லாம் இப்ப கேரட்டு, தேயிலை, கட்டடம். ஊத்து இருக்கு, ஆனா எவ்வளவு வருது, போன வருஷத்துக்கு இந்த வருஷம் கூடுச்சா குறைஞ்சுதானு ஊர்ல ஒருத்தர்கிட்டயும் எழுத்துல இல்ல. "முன்னாடியெல்லாம் நல்லா வந்துச்சு"ங்கிறதுதான் எங்க ஊரோட மொத்த டேட்டா.

அளக்கிறது அப்படி ஒண்ணும் ராக்கெட் வேலை கிடையாது. 10 லிட்டர் பக்கெட், போன்ல ஸ்டாப்வாட்ச். அன்னிக்கே போய் வச்சு பாத்தோம், 25 செகண்ட்ல ரொம்புச்சு. அப்படின்னா நிமிஷத்துக்கு 24 லிட்டர், ஒரு நாளைக்கு 34,560 லிட்டர். 2019ல வந்த, வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணி குடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு, வகுத்தா 628 பேருக்கு வரும். எங்க ஊர்ல அவ்வளவு ஆளே இல்ல! அப்ப ஏன் ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடறாங்கனு அந்தப் பொண்ணு கேட்டுச்சு பாருங்க, அங்கதான் எனக்கு முடிவு ஆயிடுச்சு. பைப்புல ஒழுகுதா, டேங்க் சின்னதா, மோட்டார் பிரச்சனையா, வேற எங்கயாவது திரும்புதா, தெரியாது. ஆனா இப்படி ஒரு கேள்விய கூலி ஆள் கேக்க மாட்டார், தினம் குடம் தூக்குற புள்ளதான் கேக்கும். பதில் சொல்ல வேண்டியவங்களும் மும்பைல இல்ல, 3 கிலோமீட்டர்ல பஞ்சாயத்து ஆபீஸ்ல இருக்காங்க. ரெண்டு கேள்வியும் பாஸ்.

சுத்தமா இருக்கானும் பாக்கலாம். சின்ன பாட்டில்ல தண்ணி புடிச்சு ஒரு நாள் ரெண்டு நாள் வச்சா, கக்கூஸ் அசுத்தம் கலந்திருந்தா கருப்பா மாறும், அந்த டெஸ்ட் பாட்டில் விலை கம்மிதான். சந்தேகம் வந்தா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேபுக்கு அனுப்பலாம். ஜல் ஜீவன்ல ஊருக்கு 5 பொம்பளைங்களுக்கு தண்ணி டெஸ்ட் பண்ண பயிற்சி குடுக்கணும்னே இருக்கு, எங்க ஊர்ல அந்த 5 பேர் யாருனு கண்டுபுடிக்கிறதே பசங்களோட முதல் வீட்டுப்பாடம். கூடவே மழை அளக்க நேரா இருக்கிற ஒரு டப்பாவும் ஸ்கேலும். ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர், இது தெரிஞ்சா மாடில எவ்வளவு புடிக்கலாம்னு அவங்களே கணக்கு போட்டுக்குவாங்க.

இதுல இருக்கிற சிக்கலையும் சொல்லணும், ஏன்னா எங்க மீட்டிங்ல ஒரு அக்கா கரெக்டா புடிச்சாங்க. "பாட்டில் கருப்பா வந்தா முதல்ல யார் தலை உருளும், டேங்க் ஆபரேட்டர் அண்ணன் தலைதான, அவருக்கு மாச சம்பளமே எவ்வளவுனு தெரியுமா"ன்னாங்க. இன்னொண்ணு, ஊத்துக்கு மேல யார் வீட்டு செப்டிக் டேங்க் இருக்குனு ஊருக்கே தெரியும். பசங்க ரிசல்ட்ட வாட்ஸ்அப் குரூப்ல போட்டா அன்னிக்கே ரெண்டு சொந்தம் பேச்சு நிக்கும். குப்பை எடுத்தா யாருக்கும் கோவம் வராது, அதனாலதான் எல்லாரும் குப்பையே எடுக்கிறாங்கனு நினைக்கிறேன். கடைசில பேசி வச்சது, ரிசல்ட்டு முதல்ல ஆபரேட்டர் அண்ணன்கிட்ட, அப்புறம் அந்த வீட்டுக்காரங்ககிட்ட நேர்ல, ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணாம எதையும் வெளிய சொல்றதில்ல.

அதுக்கப்புறம் கிராம சபை. வருஷத்துக்கு ஆறு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, 2022லருந்து மார்ச் 22 தண்ணி தினமும் நவம்பர் 1ம் சேந்துச்சு. மார்ச் 22தான் எங்க குறி, ஏன்னா அப்ப ஊத்து கிட்டத்தட்ட அடிமட்டத்துல இருக்கும், நோட்டுல 5 மாசக் கணக்கும் இருக்கும். ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கிறவங்கதான் கிராம சபை உறுப்பினர், எங்கள்ல 18 தாண்டினது 7 பேர், மத்தவங்க வரலாம், எழுதிக் குடுக்கலாம், அந்த 7 பேர் எந்திரிச்சு தீர்மானத்துல ஏத்தச் சொல்லி கேக்கணும். ஒரு உறுத்தல் இருக்கு, எங்க மாவட்டத்துல ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போச்சு, ஓட்டு கேட்டு வந்தவர்கிட்ட சண்டை போடுற உரிமை வேற, அதிகாரிகிட்ட மனு குடுக்கிறது வேற. ஆனாலும் மினிட் புக்குல ஏறினது ஏறினதுதான். மனுவ மாதிரி காணாம போகாது.

உலகப் பிரச்சனைனு சொல்லிட்டு ஊர்க் கேணிக்கு வந்துட்டியேன்னு பெரியவர் கேப்பார்னு நினைச்சேன். ஐ.நா.வோட 17 நிலையான வளர்ச்சி இலக்குல ஆறாவதே தண்ணிதான், கெடு 2030. எங்க மலைல குறிஞ்சி 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்தது அதே 2030. ஊத்து யோசனை சொன்ன பொண்ணுக்கு அப்ப 20ஐ ஒட்டி இருக்கும், ஓட்டு இருக்கும், கைல நோட்டும் இருக்கும். பெரியவர்கிட்ட இதத்தான் சொன்னேன், அவர் "2030க்கு நான் இருப்பனா"ன்னார், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

பணம் இப்படி போகுது. பக்கெட், மழை டப்பா, டெஸ்ட் பாட்டில், லேப் செலவு, நல்ல கெட்டி நோட்டு எல்லாம் சேத்து 9,000க்குள்ள. மாசம் ஒரு நாள் உண்ணி பிடுங்கப் போற எடத்துக்கு ஜீப்பு வாடகைக்கு 8,000, ஆசைப்பட்டவங்களுக்கு அதுவும் வேணும்ல. மாதிரி ஐ.நா. தம்பிக்கு இந்த வருஷம் கிடையாது, நோட்டுல ஒரு வருஷக் கணக்கு சேந்த பிறகு அத எடுத்துக்கிட்டு எந்த மேடைக்கு வேணா போ, அதுக்கு 10,000 ஒதுக்கி வச்சிருக்குனு சொன்னோம், மூஞ்சிய தூக்கிக்கிட்டான், ஆனா ஞாயித்துக்கிழமை பக்கெட்ட புடிச்சது அவன்தான். மிச்சம் 3,000 டீக்கும் பன்னுக்கும். காலைல கரடி, சாயங்காலம் காட்டெருமை, அதனால அளவு எடுக்கிறது பகல் 11 மணிக்கு, ரெண்டு பேரா போகணும், பரீட்சை மாசத்துல பெரியவங்க ரெண்டு பேர் அளக்கணும்னு எழுதி ஒட்டியாச்சு.

இன்னும் முடிவாகாதது ஒண்ணே ஒண்ணு. அந்த டெஸ்ட் பாட்டிலுக்கு சூடு வேணும், மார்கழில எங்க ஊர்க் குளிருக்கு வெளிய வச்சா ஒழுங்கா வேலை செய்யாது, அடுப்பு மேடை ஓரத்துல வைக்கணும். கருப்பாச்சுன்னா அழுகின முட்டை நாத்தம் வரும். "என் சமையக்கட்டுல கக்கூஸ் தண்ணி பாட்டிலா, வேற வீட்ட பாருங்கடா"ன்னு இதுவரைக்கும் நாலு அம்மா சொல்லியாச்சு, அஞ்சாவதா இன்னிக்கு சாயங்காலம் எங்க அம்மாகிட்ட நான் கேக்கணும்.